வெள்ளிமலையில் நான் விட்டுவந்த பதில்

காலை 6.10, கள்ளக்குறிச்சி. தியாகதுருகத்திலிருந்து முதல் வண்டியில் வந்து இறங்கினேன். வெள்ளிமலை பேருந்து புறப்பட இருபது நிமிடம் இருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய். மலைக்குப் போகிறேன் என்றதும் டீக்கடைக்காரர், "இன்னா பெரியவரே, இந்த வயசுல கரியாலூர் ஏரியில படகு வுடப் போறியா?" என்று கேட்டார். ஒரு பெண் கல்லூரிக்குப் போகலாமா என்பதற்குப் பதில் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கிளாஸைக் கழுவினார்.

உண்மையில் நான் போனது, ஏற்கெனவே சொன்ன பதில் ஒன்றைத் திரும்பப் பெறத்தான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த ராமாயியின் அப்பா, மகளை மேலே படிக்க வைக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். உங்களுக்குக் கல்லூரி ஒத்துவராது, அங்கேயும் இதே பாடம்தான், புத்தகம்தான் பெரிசு என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். சென்ற வாரம் ராமாயி தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகள் செண்பகத்துக்குக் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் தாவரவியலில் இடம் கிடைத்திருக்கிறது, சேர வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிவரைதான் கெடு, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். நான் பேருந்து ஏறியது அந்த வெள்ளிக்கிழமை.

7.05, கச்சிராயபாளையம். இருபுறமும் கரும்பு. கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை மலைமேல் திரும்புகிறது. நான் வேலைக்கு வந்த காலத்தில் பாதி வழிக்குத்தான் வண்டி, மீதி நடை. இப்போது ஒவ்வொரு வளைவிலும் தரைநாடு ஒரு படி கீழே இறங்கியது. வயல்கள் கட்டம்கட்டமாகச் சுருங்கின. பிறகு மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆறு வருடம் இங்கே வேலை பார்த்தும் இதை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. எப்போது மாறுதல் வரும் என்றே இருந்தேன்.

9.15, வெள்ளிமலை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ராமாயி வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு குவிந்திருந்தது. ராமாயியின் அண்ணன் சின்னையன்தான் இப்போது வீட்டுக்குப் பெரியவர். சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடியும்வரை யாரும் விஷயத்தை எடுக்கவில்லை.

பிறகுதான் அந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரிந்தது. தங்களுக்குத் தெரியாத ஒன்றை வெளியாளிடம் கேட்டால், அவர் சொன்ன பதில் வீடு முழுமைக்கும் பதில். சொன்னவரே வந்து மாற்றும்வரை அதுதான் சட்டம்.

"அப்பா கேட்டாரு, நீங்க ஒத்துவராதுன்னீங்க. அதான் எம் பொண்ணுங்க ரெண்டு பேரையும் அனுப்பல. ரெண்டும் நல்லாத்தான் படிச்சுதுங்க" என்றார் சின்னையன். குரலில் குறை எதுவும் இல்லை. என் அறிவைப் பாராட்டும் குரலில்தான் சொன்னார்.

ஒரு பெண்ணுக்குச் சொன்னதாக நினைத்திருந்தேன். மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரிக்குப் போய் என்ன செய்யப் போகிறாய் என்று செண்பகத்திடம் கேட்டேன். பழக்கதோஷம்தான், ஆசிரியராக, நர்ஸாக என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து மூன்று மாதம் இவர்கள் வீட்டில் தங்கி மரங்களை அளந்தாளாம்.

"கடுக்கா மரம் ஒரு வருசம் காயா கொட்டுது, ஒரு வருசம் ஒண்ணுமே வுடல. ஏன்க்கான்னு கேட்டேன். தெரியல, அத்தக் கண்டுபுடிக்கத்தான் வந்துகீறேன்னாங்க. அவ்ளோ படிச்சவங்க தெரியலன்னு சொல்றாங்க சார், கூச்சமே இல்லாம. தெரியாததுக்குன்னே ஒரு எடம் இருக்குதுன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. அங்க போவணும்."

நான் இரண்டு பட்டம் வாங்கியவன். இரண்டும் அஞ்சல் வழியில், கையேட்டை மனப்பாடம் செய்து வாங்கியவை. தெரிந்ததை ஒப்பிக்கும் இடம்தான் பல்கலைக்கழகம் என்று நம்பியே ஓய்வும் பெற்றுவிட்டேன். கீழே இறங்கிக் கல்லூரி வாசலைக்கூடப் பார்த்திராத பெண், அது என்னவென்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அதற்குத்தான் அழைத்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. ராமாயி பள்ளியில் முதலாவதாக வந்த அதே வருடம் என் மகள் தேர்வில் தவறிவிட்டாள், என் பெண் வீட்டில் இருக்கும்போது மலையிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போவதை நான் பொறுக்கவில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன்.

"அப்ப அது எங்களப் பத்தின பேச்சே இல்ல" என்றார் சின்னையன்.

"இப்ப சொல்றேன், அவள் போகட்டும்" என்றேன்.

ராமாயி கிழங்குக் குவியலின் அருகிலிருந்து எழுந்தாள். அவள் கண்ணில் கோபம் தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாணாம் சார். அந்த வார்த்தையும் நீங்களே வச்சிக்கோங்க. இனிமே எங்க வூட்டுப் படிப்ப யாராண்டயும் கேக்கறதா இல்ல." அண்ணன் பக்கம் திரும்பினாள். "இன்னாண்ணா?"

அவர் உள்ளே போய், செண்பகத்தின் சான்றிதழ்கள் இருந்த பையை எடுத்துவந்து தங்கையிடம் கொடுத்தார்.

பகல் 12.40. திரும்பும் பேருந்தில் ராமாயி, செண்பகம், நான் மூவரும் ஏறினோம். அவர்கள் முன்பக்கம், நான் பின்பக்கம். கெடு முடிய மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் இருந்தது. வளைவுகளில் மேகம் விலகி, தரைநாடு முழுக்க வெயிலில் கிடந்தது. ராமாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே வந்தாள்.

மாலை 3.05. கள்ளக்குறிச்சி நெருங்கும்போது, காலேஜ் கேட்டாண்ட நிறுத்தச் சொன்னாள். காலேஜில் யாருக்கு வேலை என்று நடத்துநர் விளையாட்டாகக் கேட்டார்.

"எங்களுக்குத்தான்" என்றாள் ராமாயி.

இருவரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.