சளி இல்லை என்று சொன்னேன்

முதல் நடுக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இன்னும் மேம்பாலம் வராத காலம். பாதி வேலையில் கம்பெனி வண்டி பிடித்து, இரண்டு மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்து, என் கணவர் மோகன் தொம்மலூர் வீட்டில் வந்து இறங்கினார். பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் நான் அன்று சீக்கிரமே திரும்பியிருந்தேன்.

"குளிருது கீதா. போர்வை எடு" என்றார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

ஒரு போர்வை போதவில்லை. அவருடைய கம்பளியைப் போட்டேன், அதன்மேல் என்னுடையதையும் போட்டேன். பல் தந்தியடித்தது. கட்டில் கால் தரையில் தடதடத்தது. அரை மணி நேரத்தில் உடம்பு கொதித்தது. அப்புறம் வேர்த்துக் கொட்டி, விரிப்பைப் பிழியலாம் போல ஆகிவிட்டது. ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். டிசம்பரில் பெங்களூரில் யார்தான் நடுங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன்.

வீட்டில் காய்ச்சல்காரர் ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் முட்டாள்தனத்தை மறைக்காமல் எழுதுகிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு நாங்கள் அந்தமானில் ஒரு சின்னத் தீவிலிருந்து திரும்பியிருந்தோம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் பெரிய பயணம். இடத்தைத் தேடிப் பிடித்தது நான். கடற்கரையில் தனியாக ஒரு குடில், பக்கத்தில் ஆள் அரவமே கிடையாது. மூங்கில் சுவர், ஓலைக் கூரை, சூரிய ஒளியில் எரியும் ஒரு விளக்கு. சோப்புக்குப் பதிலாகப் பயத்தமாவு. பிளாஸ்டிக் பையோடு போனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. இயற்கையைக் கெடுக்காமல் விடுமுறை எடுக்கிறோம் என்று பள்ளி ஆசிரியர் அறையில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

குடிலின் சொந்தக்காரர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர். முதல் நாளே சொன்னார்: "இங்க கொசு மருந்தெல்லாம் அடிக்க மாட்டோம்மா. தவளை, பல்லி பாத்துக்கிரும். நீங்க வலைய மட்டும் அவுத்துறாதீக."

கடல் பக்கத்து வலையை இரண்டாம் நாள் நான்தான் சுருட்டிக் கட்டினேன். விடியும்போது படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இன்னொன்றும் உண்டு. குடிலுக்குப் பின்னால் ஒரு குட்டை. அதில் கொசுப் புழுக்கள். நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், விடுவேனா? அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "பாருங்க, தண்ணிக்கு இணையா படுத்திருக்கு. அனோபிலிஸ். மத்ததெல்லாம் தலைகீழா தொங்கும்."

"லீவுலயும் பாடமா?" என்று சிரித்தார்.

அனோபிலிஸ் எந்த நோயைப் பரப்பும் என்று என் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அந்தக் குட்டைக்கு அருகில் நின்று, படம் வரைந்து பாகங்களைக் குறிப்பது எப்படி என்றுதான் யோசித்தேன்.

வியாழக்கிழமை காலையும் காய்ச்சல் விடவில்லை. தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் இளைஞர், கன்னடக்காரர். ஆங்கிலத்தில்தான் பேச்சைத் தொடங்கினார். நான் கன்னடத்துக்கு மாற்றினேன். ஆம்பூரிலிருந்து வந்து ஆறு வருடத்தில் கன்னடம் கற்றுக்கொண்டதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. எங்கே வாய்ப்புக் கிடைக்கும் என்று காத்திருப்பேன்.

எல்லாம் சுலபமாகவே போயிற்று. வாந்தி என்றால் இரண்டு மொழியிலும் வாந்திதான். தலைநோவும் தலைநோவுதான்.

"கெம்மு இதியா?" என்று கேட்டார். இருமல் இருக்கிறதா என்று அர்த்தம்.

"இல்லா" என்றேன்.

"சளி இதியா?"

இருமலைக் கேட்டால் அடுத்து சளியைத்தானே கேட்பார்கள்? "இல்லா டாக்டர். ஸ்வல்பவூ இல்லா" என்றேன். கொஞ்சங்கூட இல்லை என்று அழுத்திச் சொன்னேன். மோகன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். வைரல் காய்ச்சல், மூன்று நாளில் இறங்கிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். தீவுக்குப் போய்வந்ததை நான் சொல்லவில்லை. கடல் காற்று வாங்கிவந்ததை நோயோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவேயில்லை.

அன்று மதியம் மறுபடி நடுங்கினார். மாத்திரை வேலை செய்கிறது என்று கம்பளியை இழுத்துப் போர்த்தினேன்.

சனிக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். பொத்தான்கள் மாறிப் போயிருந்தன. கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது.

"படகு எத்தனை மணிக்குக்கா?" என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவருக்கு அந்த வழக்கம் உண்டு. கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன். என்னைத்தான் அக்கா என்று கூப்பிட்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரரின் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவருக்கு வலிப்பு வந்தது. அவர் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தேன். அவர் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றுதான்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர், ஐம்பது வயதிருக்கும், தமிழில் பேசினார். வலிப்பு அடங்கியிருந்த மோகன் மறுபடி "படகு, படகு" என்று முனகினார்.

"என்ன படகும்மா? எங்கயாச்சும் போயிருந்தீங்களா?"

சொன்னேன். தீவு என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். விரலில் குத்தி ஸ்மியர் எடுத்தார்கள் (ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை). ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. ஃபால்சிபாரம் (மலேரியாக் கிருமிகளில் உயிரை எடுக்கக்கூடிய வகை). மூளையைத் தொட்டுவிட்டது. செரிப்ரல் மலேரியா என்றார் (கிருமி புகுந்த இரத்த அணுக்கள் மூளையின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்வது).

கிளினிக் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "நோ சில்ஸ்னு எழுதியிருக்காரே. குளிர் நடுக்கம் இல்லவே இல்லையா?"

"ரெண்டு கம்பளி போர்த்தியும் நடுங்கினாரு டாக்டர். நான் அப்படிச் சொல்லவேயில்ல."

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஸ்மியர் எடுத்திருப்பாங்க. ரெண்டு நாள் போயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் தாண்டினாத்தான் எதுவும் சொல்ல முடியும்மா."

ஐ.சி.யு. (தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இளம் டாக்டரை மனதுக்குள் கிழிகிழி என்று கிழித்தேன். சொல்லாததை எழுதியிருக்கிறான். கவனம் இல்லாதவன். இவர் பிழைக்கட்டும், நேராகப் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை. கோபம் இருந்தவரை பயம் கொஞ்சம் தள்ளி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். தரை துடைக்கிற அம்மா வாளியை வைத்துவிட்டு, என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டார்.

"தும்ப சளி அம்மா. ஸ்வெட்டர் ஹாக்கொள்ளி" என்றார்.

ரொம்பக் குளிர், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். கன்னடத்தில் சளி என்றால் குளிர்.

எனக்குத் தெரியாத சொல்லா? ஆறு டிசம்பராக பால்காரர் சொல்லியிருக்கிறார், கண்டக்டர் சொல்லியிருக்கிறார், நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அழுத்தி ச்சளி என்பார்கள். தமிழில் அந்த எழுத்தை ச என்றும் சொல்லலாம், ச்ச என்றும் சொல்லலாம், காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டு மனிதருக்கு நோய் என்றதும் என் காது ஆம்பூருக்குப் போய்விட்டது. குளிர் நடுக்கம் உண்டா என்று அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். கொஞ்சங்கூட இல்லை என்று நான்தான் சொன்னேன். கன்னடத்தில், பெருமையாக.

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஒன்றும் புரியாமல் என் முதுகைத் தடவினார். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் பயம் முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளே குவினைன் ஏறிக்கொண்டிருந்தது (மலேரியாவுக்கான பழைய மருந்து, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்). அந்த மருந்து இரத்தத்தில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும் என்பதால் அடிக்கடி விரலில் குத்திப் பார்த்தார்கள். ஒருமுறை அப்படி இறங்கி, கதவுக்குப் பின்னால் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. செத்துப்போய்விடுவார், நான் கொன்றுவிட்டேன் என்பதைத் தவிர வேறெதுவும் தலைக்குள் ஓடவில்லை. என் இரத்தத்தையும் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. அதே கொசுக்கள் என்னையும்தான் கடித்தன.

ஐந்தாம் நாள் கண் திறந்தார். உள்ளே விட்டார்கள். எலும்பாகியிருந்த கையைப் பிடித்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி காது கொடுத்துக் கேட்டார்.

"அலை ஓயவே இல்ல, கீதா" என்றார்.

பயந்து டாக்டரைப் பார்த்தேன். குவினைனால் காதுக்குள் இரைச்சல் கேட்கும், போய்விடும் என்றார் அவர். மோகன் என் பெயரைச் சொன்னார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் நடந்தார், மூன்று மாதத்தில் வேலைக்குப் போனார். அதற்குள் ஒருநாள் வலையைப் பற்றியும் சளியைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கும்தான் கன்னடம் தெரியும். பக்கத்துலதானே உட்கார்ந்திருந்திருக்கேன்" என்றார். அதோடு சரி. கிளினிக் டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். வெளிறிப்போனார். நெடுநாள் கழித்து ஒருமுறை போனபோது, ஒரு தமிழ்க் கிழவரிடம் இரண்டு கையையும் மார்போடு கட்டி, உடம்பை உதறிக் காட்டி, "இப்படி வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களுக்கும் நான் சொல்ல இருப்பது அதுதான். நடுக்கத்தை வார்த்தையில் சொல்லாதீர்கள், நடித்துக் காட்டுங்கள். எங்கே போனீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மோகனுக்கு அந்த நாட்கள் இல்லவே இல்லை. தீவின் கடைசிக் காலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக் கூரைதான் அவருடைய ஞாபகத்தில் இருக்கிறது. இடையில் இருந்ததெல்லாம் என்னிடம் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் மதியமானால் இன்றும் என் காது கட்டில் காலின் சத்தத்தைத் தேடுகிறது.

இந்த டிசம்பரில் ஒரு காலை, கம்பெனி வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவர் கையைத் தேய்த்துக்கொண்டே, "தும்ப சளி, சார்" என்றார். படியிறங்கிக்கொண்டிருந்த மோகன் நின்றார். திரும்பி என்னிடம் வந்து, ஸ்வெட்டரின் கழுத்தைக் கீழே இழுத்துக் காட்டினார். நான் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். நான் கையை எடுக்கும்வரை மோகன் அப்படியே நின்றார்.