மேஜைக்கு அடியில் நியூக்ளிக் அமிலம்

கண்காட்சியில நின்னு விளக்கம் சொல்லுத வேலை பாத்தவங்களுக்கு நல்லாத் தெரியும்: ஒரே பேச்சை நாளுக்கு முப்பது தடவை பேசினா, வாய் தானாச் சேட்டைக்குப் போயிரும். அறுபதுகளோட தொடக்கத்துல, தென்காசி, குத்தாலம்னு சுத்தி வந்த ஒரு அறிவியல் கண்காட்சியில எனக்கு அந்த வேலை. அதுவும் தற்காலிகம். உசிருள்ளது எல்லாத்தையும் கட்டி நடத்துத நாலு சரக்கு எங்க பாடம்: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம். எங்க அதிகாரி மூக்கால பேசுவாரு, எதைச் சொன்னாலும் முன்னால ஒரு 'ஆகவே' போடுவாரு. அதை அப்படியே பேசிக் காட்டுத வியாதி எனக்கு.

இலஞ்சி மாடு

மாவுச்சத்துக்கு அயோடின். வெந்த கிழங்கு மேல ஒரு சொட்டு விட்டா கருநீலமாயிரும். "செடி சேத்து வச்ச தெம்பு இது. நாம ஓடியாட இதுதான் வேணும்"னு சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்களுக்குப் பால் ஊத்துத இலஞ்சிக்காரரு முன்னால நின்னு ரசிக்காரு. கூட்டத்துல ஒரு அம்மா, "பால்ல விட்டா?"ன்னு கேட்டா. "பால்ல மாவுச்சத்தே கெடையாது, நிறம் மாறாது"ன்னு அடிச்சுச் சொல்லி, அவரு ஊத்துன பால்லயே ஒரு சொட்டு விட்டேன். நீலமாயிட்டு! எல்லாரும் அவரையே பாக்காங்க. மனுசன் கண்ணைக்கூடச் சிமிட்டல.

"என்ன செய்ய அண்ணாச்சி, நம்ம மாடு மரச்சீனிக் கிழங்குல்லா திங்குது!"

எண்ணெய் முதுகு

கொழுப்புக்குக் காகிதம். தேங்காயைத் தேச்சா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆயிரும், காயவே காயாது. 'கொழுப்பு உடம்புக்குச் சேமிப்பு, குளிருக்குப் போர்வை'ன்னு மெல்லிசுத் தாள்ல பெருசா எழுதி, சன்னலுக்கு எதுக்கத் திரை மாதிரி தொங்க விட்டிருந்தோம். அருவிக்குப் போகையில உடம்பு பூரா எண்ணெயைத் தேச்சுக்கிட்டு வந்த பாவூர்சத்திரம் அண்ணாச்சி ஒருத்தரு, எதுத்த படத்தை வசமாப் பாக்கணும்னு அதுல முதுகைச் சாச்சிட்டாரு. அவரு விலகுனதும் முதுகளவுக்குத் தாள் வெளிச்சமாயிட்டு. பின்னால நிழலாட்டம் எங்க அதிகாரி, கையில வடையோட.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவரு குரல்லயே, "ஆகவே, உளுந்துல புரதம், எண்ணெயில கொழுப்பு. ரெண்டையும் நானே சோதிச்சுக்கிட்டு இருக்கேன்"னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அதிகாரி வடையை முழுங்கிட்டு வெளிய வந்தாரு.

"ஆகவே, இன்னொரு தடவை என் குரல் உம்ம வாயில வந்துச்சுன்னா, அன்னைக்கே வீட்டுக்குப் போவும்!"

தொண்டை

மெட்ராஸ்லேருந்து எங்க அதிகாரிக்கும் மேல உள்ள பெரிய ஐயா கண்காட்சியைப் பாக்க வருதாருன்னு தகவல். அவரு முன்னால அதிகாரிதான் பேசணும். அவரோ முந்தின நாள் சாரல்ல, ஐந்தருவியில ரெண்டு மணி நேரம் தலையைக் கொடுத்துட்டு நின்னுருக்காரு. காலையில வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. என்னை ஒரு பார்வை பாத்தாரு. சீட்டுல எழுதி நீட்டினாரு.

"ஆகவே, மேஜைக்கு அடியில உக்காரும்."

சுக்குக் காப்பி

தரை வரைக்கும் துணி தொங்குத நீள மேஜை. அடியில நான், மேல அவரு வாயை மட்டும் அசைக்காரு. துணிச் சந்துல ஒத்தைக் கண்ணால அவரு கையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். முட்டை வெள்ளைக்கருவை அவரு வெந்நீர்ல விட்ட அதே நொடியில, "ஆகவே, புரதம் வெளுத்துக் கெட்டியாகுது பாருங்க. தசை, முடி, நகம், சோத்தைச் செரிக்க வைக்குத சாறு, எல்லாத்துலயும் இதுதான் வேலை பாக்குது"ன்னேன். பெரிய ஐயா "பேஷ்"ன்னாரு.

நியூக்ளிக் அமிலத்துக்கு எங்ககிட்ட சோதனை ஒண்ணும் கெடையாது. அப்பனும் மகனும் ஒரே மூக்கோட நிக்குத படம் மட்டும்தான். கையைப் பாக்க வேண்டிய வேலை இல்ல, கண்ணை மூடிக்கிட்டேன். "எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்னு தாய் தகப்பன் எழுதிக் கொடுத்து விடுத குறிப்பு இது"ன்னு ஏத்தி இறக்கிப் பேசுதேன், எனக்கே என் பேச்சுல ஒரு மயக்கம். மேல அதிகாரி கையில யாரோ சுக்குக் காப்பியைக் கொடுத்தது எனக்கு எப்படித் தெரியும்? அவரு மடக்கு மடக்குனு குடிக்காரு, பேச்சு அது பாட்டுக்கு வருது.

பெரிய ஐயா குனிஞ்சு துணியைத் தூக்கினாரு. என்னைப் பாத்தாரு. நிமிந்து அவரைப் பாத்தாரு.

"நீங்க நிதானமாக் குடிங்க சார், கீழ இருக்குத உங்க குரல் மிச்சத்தைச் சொல்லட்டும்."

மாவுச்சத்து தெம்பு தரும், கொழுப்பு குளிருக்கு ஆகும், புரதம் உடம்பைக் கட்டும், நியூக்ளிக் அமிலம் அப்பன் மூக்கைக் கொடுக்கும், ஆனா பெரிய ஐயா கையால எனக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தது என்னவோ ஐந்தருவித் தண்ணிதான்.