பனி உரித்த சுவர்

பழனியில் என்னோடு கொத்து வேலைப் பயிற்சி முடித்த பெண்கள் எல்லோரும் திரும்பவும் சித்தாள் வேலைக்கே போய்விட்டார்கள். கலவைச் சட்டி சுமக்கவா இத்தனை நாள் படித்தோம்? நான் மாட்டேன் என்று பூசுகிற கரணையையும் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் பாலசமுத்திரத்திலிருந்து மலையேறினேன்.

மலைமேல் செண்பகனூரில் ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூச்சு வேலை தெரியுமாம்மா?"

"ஒரு செவரக் குடுத்துப் பாருங்கண்ணே."

ஆள் பற்றாக்குறை, அதனால் கொடுத்தார். அதுவும் யார் கண்ணிலும் படாத பின்பக்கச் சுவர். அதை ஒட்டிய சுவரில் ஒட்டன்சத்திரத்துக் கொத்தனார் ஒருவர் பூசிக்கொண்டிருந்தார். அவரும் மலைக்குப் புதிது.

காலையில் பூசிய சுவருக்குப் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தெளித்துவிடுவது எங்கள் வெயில் ஊர்ப் பழக்கம். இல்லாவிட்டால் வெடிப்பு விழும். அன்றைக்கும் இருவரும் அப்படியே செய்தோம். வேலை முடிந்ததும் அவர் தன் கரணையை என் முன்னால் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். கொத்தனாரின் கரணையைச் சித்தாள்தான் கழுவிவைக்க வேண்டும். முதல் நாளே எதற்கு வம்பு என்று கழுவிவைத்தேன். மனசுக்குள் எரிந்தது.

அது மார்கழி. விடிந்து வேலைக்கு வந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி. தெளித்த தண்ணீரும் பூச்சுக்குள்ளேயே உறைந்திருந்தது. இரண்டு சுவரும் கைபட்டாலே பொலபொலவென்று கொட்டின.

மேஸ்திரி முதலில் அவர் சுவரைப் பார்த்தார். "பனி பாழாக்கிருச்சு. கீழ இருந்து வந்த மனுசன், அவருக்கு என்ன தெரியும்?"

அடுத்து என் சுவர். "இதுக்குத்தான் பொம்பளைக கையில கரணையக் குடுக்கக் கூடாதுங்கிறது. போயிச் சட்டியத் தூக்கு."

எனக்கு வந்ததே கோபம். அதே பனி, அதே தண்ணீர், அதே சிமெண்டு. அவர் சுவர் உரிந்தால் பனி, என் சுவர் உரிந்தால் பொம்பளையா? அன்று சட்டியைத் தொட்டிருந்தால் காலத்துக்கும் சட்டிதான்.

"அவருக்கும் ஒரு சட்டி குடுங்கண்ணே. ரெண்டு பேருமாச் சேந்து சுமக்கிறோம்."

சித்தாள்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரி முறைத்துவிட்டு முன்பக்கம் போனார். என்னை வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

உரிந்ததைச் சுரண்டும்போதுதான் கவனித்தேன். சாரத்தில் யாரோ சாக்கு ஒன்றைத் தொங்கப்போட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த பூச்சு மட்டும் கல்லாக நின்றது. மறுபடி பூசி, வெயில் இருக்கும்போதே வெள்ளனே முடித்து, சாயங்காலம் தண்ணீர் தெளிக்காமல், கிடைத்த காலிச் சாக்கையெல்லாம் சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் வேடிக்கை பார்த்தார்.

மறுநாள் மேஸ்திரி சாக்கை விலக்கித் தட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுகூட உதிரவில்லை. பாராட்டுவாரா என்ன? "நாளைக்கு முன்பக்கத்தப் பூசு" என்றார்.

அன்று சாயங்காலமும் ஒட்டன்சத்திரத்துக்காரர் பழக்கம் மாறாமல் கரணையை என் முன்னால் வைத்தார். நான் என்னுடையதை மட்டும் கழுவித் துடைத்துப் பையில் போட்டேன். அவர் நின்றார்.

"இதக் கழுவலையாம்மா?"

"தொட்டியில தண்ணி கெடக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.