ஜாடியில் மிச்சமிருந்த ஊறுகாய்

போன ஞாயிற்றுக்கிழமை பெர்ன்ஹில்லில் மதியச் சாப்பாடு. ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த காதர் பாய் வீட்டில். என் பழைய சிநேகிதர். எண்பதை நெருங்குகிறார். மனைவி நூர்ஜஹான் அக்கா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது.

அன்றிலிருந்து பாய்க்கு ஒரே புகார் — மருமகள் ஷமீமா சமைப்பது எதுவும் ‘அவ கை மாதிரி’ இல்லையாம். பிரியாணியா? மசாலா பத்தவில்லை. மீன் குழம்பா? புளியே இல்லை. ஷமீமா பாவம்... மாமியார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவள். இருந்தும் தட்டு பாதியில் தள்ளப்படுகிறது. மனிதர் இளைத்துக்கொண்டே போகிறார்.

என்னோடு வாக்கிங் வரும் டாக்டரிடம் கேட்டேன். “வயசானா மூக்கு மந்தமாகும் சார். வாசனை போனா ருசியில என்ன இருக்கு? ஆனா பழைய ருசி மூளையில அப்படியே இருக்கும். இப்ப சாப்பிடறது அதோட ஒத்துப்போகாது” என்றார். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

அன்று கை கழுவப் போனபோது ஷமீமா மெதுவாகச் சொன்னாள்: “அங்கிள், இன்னிக்கு மாமி போட்ட எலுமிச்சை ஊறுகாயவே வெக்கிறேனுங்க. ஜாடியில கடைசியா ரெண்டு துண்டு கெடந்துச்சு. மாமாகிட்ட சொல்லல. அவரே கண்டுபுடிக்கட்டும்.”

ஊட்டியில் ஊறுகாய் காயப்போட வெயிலுக்கு எங்கே போவது? அக்கா, உப்பில் ஊறிய துண்டுகளை டப்பாவில் அடைத்து, பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் காயவைத்துக் கொண்டுவருவார். கோடைதோறும் இதே பாடுதான்!

பாய் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். ஷமீமா கதவோரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ம்ஹூம்... வெறும் உப்பும் காரமும். அவ போட்டா வெயில் வாசம் அடிக்குமுங்க. நீங்களே சொல்லுங்க சார், இது அவ கைங்களா?”

என்ன சொல்வது? ஆமாம் என்றால் மருமகள் மேலிருக்கும் பழி போய்விடும். ஆனால் அந்த ருசி இனி எங்கேயும் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே...

ஷமீமா முந்திக்கொண்டாள். “இல்லீங்க மாமா, நான் போட்டதுதானுங்க. இந்தக் கோடையில மாமி மாதிரியே மேட்டுப்பாளையம் போய்க் காயவெச்சு எடுத்துட்டு வர்றேன்.”

“அப்படிச் செய்யும்மா. அவ கைப்பக்குவம் உனக்கும் வரும்” என்று பாய் சமாதானமானார். மிச்சத் துண்டை என் தட்டில் தள்ளினார்.

சாப்பிட்டேன். வெயில் வாசம் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சமாளித்தேன். ஷமீமா தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனவள், வெகுநேரம் வரவில்லை.

இரண்டு நாளாக எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு குறைவாக இருப்பதுபோல் தெரிகிறது. மனைவியிடம் சொல்லவில்லை... குறைவது ரசத்திலா, என் நாக்கிலா என்று பயமாக இருக்கிறது.