மெஹருன்னிசா வேண்டாம் என்ற குளம்

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக் கூரையின் மழைநீர்க் குழாய் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெஹரின் கணவர் சலீமிடமிருந்து போன் வந்தது. "மெஹர் போயிட்டாங்க சேகர். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது தெரியும். இப்படி முடியும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கட்டடக் கலைஞர் மெஹருன்னிசாவின் கேள்விகளுக்கு, அவரை அறிந்த உங்களில் பலரும் தப்பியிருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் எங்கள் சிறிய அலுவலகத்தில் அவர் கட்டடம் வரைவார், நான் தண்ணீர்க் குழாய்களையும் வடிகாலையும் கவனிப்பேன். யார் வீட்டுக்குப் போனாலும், மத்தியானம் யார் எந்த இடத்தில் படுப்பார்கள் என்று விசாரிப்பார். கேட்டவர்கள் திகைப்பார்கள். "படுக்கிற இடத்துலதான் காத்து வரும். அதை மொதல்ல தெரிஞ்சுக்கணும்" என்பார்.

சில வருடங்களுக்கு முன், விமான நிலைய விரிவாக்கத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் வரைவுத் திட்டம் தயாரித்தது. அதில் மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் பசுமைக் கட்டட வேலை எங்களுக்கு வந்தது. புதிய முனையத்தின் முன்னால் மெஹர் ஒரு குளம் வரைந்தார். கூரையில் விழும் மழை அதில் சேரும், அதைத் தொட்டு வரும் காற்று உள்ளே குளிர்ச்சியாக நுழையும். படத்தைப் பார்த்த எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மற்ற எதையும் யாரும் கேட்கவே இல்லை.

விமானச் சத்தத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க அவருடன் பொழிச்சலூர் போனேன். முந்தின நாள் நல்ல மழை. ரெஜினா என்ற அம்மா எங்களை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். பக்கத்துக் காலி மனையில் தேங்கிய தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். ஒரு விமானம் தாழ்வாக வந்ததும் அத்தனையும் ஒன்றாக எழும்பின. சத்தத்தைப் பற்றிக் கேட்க வந்ததையே மெஹர் மறந்துவிட்டார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார்.

"தண்ணி நின்னா போதும்மா, எங்கிருந்துதான் வந்துகினு கீதோ" என்றார் ரெஜினா.

பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோவில் வந்தோம். இறங்கியதும் மெஹர் கேட்டார்: "நம்ம குளத்துக்கும் வரும்ல?"

வரும் என்றேன். விமானத்தின் எஞ்சினில் பறவை சிக்கினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "இந்தக் குளத்தை வரைஞ்சது நான். வேண்டாம்னு சொல்றதும் நான்தான்" என்றார். மழைநீருக்குக் கார் நிறுத்துமிடத்தின் கீழே மூடிய தொட்டி, வெயில் சுவரில் படாதபடி நீண்ட கூரை, விளக்கில்லாமல் வெளிச்சம் வர வடக்குப் பக்கம் திறப்பு என்று மாற்றுத் திட்டத்தை விளக்கினார். பெரிய நிறுவனத்தின் தலைவருக்கு முகம் சுருங்கியது. பார்க்க வருகிறவர்களுக்குப் பசுமை என்று எதைக் காட்டுவது என்று கேட்டார்.

"காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல சார். கரன்ட் கம்மியா செலவாகும், வெளியில வாங்குற தண்ணியும் கொறையும். அவ்ளோதான்."

குளம் போனது. முகப்பை வரையும் வேலையும் எங்களிடமிருந்து வேறொருவருக்குப் போனது. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். பிறகு மெதுவாக, "அழகா இருந்துச்சுல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வரைந்ததிலேயே அழகானது அதுதான்.

அந்தத் திட்டம் அதன்பின் பல கைகள் மாறியது. எங்கள் வரைவில் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. மெஹரும் அதைத் தேடிப் போனதில்லை. அவருடைய கேள்விகள் அதற்குள் வேறெங்கோ போயிருந்தன.

அடக்கம் முடிந்த மறுநாள் கூடுவாஞ்சேரி போனேன். மெஹர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அங்கே கட்டப்போகும் குடியிருப்பின் வரைவையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைப்பது என் யோசனை. உரிமையாளருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மூன்று மணி வெயிலில் அந்த வெற்று மனையில் நின்று பார்த்தேன். முகம் எரிந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி, கண்ணாடி வேண்டாம் என்று உரிமையாளருக்கு நானே போன் செய்தேன். மெஹரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்.