குழாயோடு ஒட்டி வைத்த பெட்டி

"இந்தப் பொகையிலயே என் கண்ணு அவிஞ்சிரும்" என்று சித்தி ஜனாபா சொல்லாத நாள் கிடையாது. காயல்பட்டினத்தில் அவள் அடுக்களைப் பக்கம் போகிறவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். ஜித்தாவில் வேலை பார்த்த புருஷன் அசன் மைதீனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பும்போதும் சலாமுக்கு அடுத்து அதுதான். அவரும் பதில் கேசட்டில் சிரித்துக்கொண்டே, "ஒன் பொகைப் பாட்ட நிறுத்து புள்ள, கொத்தனாரக் கூப்பிட்டுக் குழா வய்யி" என்றார்.

கொத்தனார் முத்துமாலை வந்தார். பக்கச் சுவரில் ஓட்டை போட்டால் பெண்கள் நடக்கிற முடுக்குச் சந்தில் புகை அடையும். அதனால் தகரக் குழாயை அடைத்த பரண் வழியாகவே கூரைக்கு மேல் ஏற்றினார். பரணுக்குள் இணைப்பு வராமல் ஒரே குழாய். அது நுழைகிற இடத்தில் பலகையை அகலமாக அறுத்துச் செங்கல் வைத்தார்.

"எம்மா, குழாயச் சுத்தி ஒரு முழத்துக்கு எதுவும் இருக்கப்படாது. ஒரு தடுப்புக் கட்டிருதேன்."

"பரண்ல எவன் படுத்து ஒறங்கப் போறான்? எடத்த அடைக்காதீங்க கொத்தனாரே. சட்டி பானைய ஒங்க தலையிலயா வைக்க?"

தடுப்பு வரவில்லை.

கடற்காற்றுக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். புளியும் கருவாடும் அடுப்புக்கு மேலே இருந்தால் கெடாது; கேசட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். புருஷன் பேசி அனுப்பியதையெல்லாம் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் குழாயோடு ஒட்டி வைத்தாள். அன்றாடச் சமையலுக்கு அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று விடிந்ததிலிருந்து அடுப்பு அணையவில்லை. பக்கத்து வீட்டுக் கமர் நிஷா எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா, என்னமோ கருகுத வாடை வருது."

"ஒன் வயிறுதான் கருகுது. ஒன் வீட்ல பொகை, என் வீட்ல இல்லல்லா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பரணில் ஏறிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

மழைக்காலத்தில் ஜித்தாவிலிருந்து மவுத்துச் செய்தி வந்தது. அசன் மைதீனை அங்கேயே அடக்கிவிட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, குரலையாவது கேட்போம் என்று சித்தி ஜனாபா பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள். கேசட்டெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தது.

இப்போது குழாயைச் சுற்றித் தடுப்பு இருக்கிறது. புகையைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை.

ஜித்தாவில் ஓர் அறையில் சேர்ந்து இருந்தவர்கள் ஒருவர் கேசட்டில் ஒருவர் புகுந்து பேசுவது வழக்கம். உங்கள் வீட்டில் ஜித்தா கேசட்டு கிடந்தால் கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். நடுவில் ஒரு ஆள் பொண்டாட்டியின் புகைப் பாட்டைச் சொல்லிச் சிரித்தால், அதை எடுத்துக்கொண்டு போய் சித்தி ஜனாபாவைப் பாருங்கள். இல்லாவிட்டால் வெறுங்கையோடாவது ஒரு நடை போய்ப் பாருங்கள்.