பொரிக்கு வராத மீன்

போன வாரம் பல் பிடுங்கப் போயிருந்தேன். காத்திருக்கிற அறையில் ஒரு மீன் தொட்டி. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு, விரல் நீளத்தில் ஒன்று. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்குமே, அந்தச் சக்கர் மீன். பல்வலியையும் மீறி எனக்குக் கோபம் வந்தது. மீன்மேல் கோபப்படுகிற வயதா எனக்கு, சொல்லுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிது. புடவையை விரித்து விரித்து மடித்துத் தோள் கழன்றுவிடும். மத்தியானம் டிபன் டப்பாவோடு பக்கத்துப் பெருமாள் கோயில் குளத்துப் படிக்கு ஓடிவிடுவேன். அங்கே மேரியக்கா பொரி விற்பார். மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் பெருமாள் குளத்து மீன்தான் அவருக்குச் சோறு போட்டது. படியில் நிழல் விழுந்தாலே கெண்டைகள் கும்பலாக வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். பிள்ளைகள் இடத்தை விட்டு நகராது, இன்னொரு பொட்டலம் கேட்கும்.

பக்கத்து செல்போன் கடைக்காரர் ஒரு சக்கர் வளர்த்தார். அது முழங்கை நீளமாகித் தொட்டியில் திரும்ப முடியாமல் கிடந்தது. கொல்ல மனசு வரவில்லை. கோயில் குளமென்றால் யாரும் பிடித்துத் தின்ன மாட்டார்கள் என்று கொண்டுபோய் விட்டார், கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ஊரில் தொட்டி வைத்திருந்த எல்லோருக்கும் அதே நல்ல மனசு. அப்புறம் என்ன? சக்கர் பெருகிக் கெண்டை முட்டையைத் தின்று தீர்த்தது. பொரிக்கோ மேலே வராது, அடியிலேயே கிடக்கும். பொரி வாங்க ஆள் வருவது நின்றுபோனது.

மேரியக்கா கோயில் ஆபீசுக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, ஒருநாள் வலை போடவைத்தார். படி முழுக்கச் சக்கர். தண்ணீர் இல்லாமலே மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கிற சனியன் அது. வலைக்காரர்கள் சாப்பிடப் போன நேரம், சாமி கும்பிட்டு வந்த ஓர் அம்மா ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தள்ள ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

"சொல்லுங்கக்கா," என்றேன்.

"பெருமாள் கொளத்து மீனை சாவ வுடுன்னு நான் சொன்னா கேப்பாங்களாப்பா?"

நானே போய்ச் சொன்னேன். "உசுரோட இருக்குதேப்பா. கோயில்ல நின்னுக்கினு இப்டி பேசறியே," என்று அந்த அம்மா கண் கலங்கினார். பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் கொடுமை.

கடைசி மீனையும் தள்ளிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேரியக்காவிடம் வந்தார்.

"பாவம், அதுங்க பசியா இருக்கும். ஒரு பொட்டலம் குடும்மா."

அக்கா எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் படியில் யாரும் பொரி விற்று நான் பார்க்கவில்லை.